வட்டத்துக்குள் ஒரு ‘பி’

என் கறுப்புக் கம்பளிக் கோட்டின் உள்தையலில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துணிச்சீட்டு இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு பெருக்கல் குறி, முக்கோணத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி, ஒற்றைப் புள்ளி வைத்த இஸ்திரிப் பெட்டி, கடைசியாக ஒரு வட்டத்துக்குள் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து. பதினைந்து வருடமாக இந்தக் கோட்டைப் போடுகிறேன். அந்த எழுத்துக்கு என்ன பொருள் என்று போன குளிர்காலத்தில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெர்குளோரோஎத்திலீன். ‘இதை அந்தத் திரவத்தில் அலசலாம்’ என்று தைத்தவர் சலவைக்காரருக்குச் சொல்லி அனுப்பும் சேதி அது. நான் குடியிருக்கும் கலிபோர்னியாவிலோ, 2023 ஜனவரி 1 முதல் எந்தச் சலவைக் கடையும் அந்தத் திரவத்தைத் தொடக்கூடாது.

சேதியை எனக்குப் படித்துச் சொன்னவர், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருக்கும் கொரியப் பெரியவர். சான் ஹோசேயை ஒட்டிய ஊர் எங்களுடையது. அவரும் அவர் மனைவியும் முப்பது வருடமாக அந்தக் கடையை நடத்துகிறார்கள். குஜராத்திகள் மோட்டல் தொழிலுக்குள் போனதுபோல அமெரிக்காவில் சலவைத் தொழிலுக்குள் வந்த கொரியர்கள் ஏராளம். படித்த படிப்பு இங்கே செல்லாது, ஆங்கிலம் சரளமாக வராது, ஆனால் கணவனும் மனைவியுமாகப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கத் தயார் என்று வந்து இறங்கியவர்களுக்கு இந்தத் தொழில் கைகொடுத்தது.

தமிழில் இதை உலர்சலவை என்று எழுதுகிறோம். வாயால் யாரும் சொல்வதில்லை. எங்கள் ஊரில் ‘டிரை வாஷ்’. பழைய ஆட்களுக்கு ‘பெட்ரோல் வாஷ்’. மூன்றில் உண்மையைச் சொல்லும் பெயர் கடைசிப் பெயர்தான். ஏனென்றால் இந்தச் சலவையில் உலர்ந்தது எதுவும் கிடையாது. துணி தொப்பலாக நனைகிறது. நனைப்பது தண்ணீர் இல்லை, அவ்வளவுதான்.

என் பெரியப்பா திருச்சியில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை வைத்திருந்தார். எண்பதுகளின் கதை. வக்கீல்களின் கறுப்புக் கோட்டு, கல்யாணப் பட்டு, ஊட்டிக்குப் போய் வந்தவர்களின் ஸ்வெட்டர், இவ்வளவுதான் வரும். பின்கட்டில் இரண்டு தகரத் தொட்டிகள். முதல் தொட்டியில் வெள்ளைப் பெட்ரோலை ஊற்றிப் புடவையை முக்கி எடுப்பார், இரண்டாவதில் அலசுவார், மொட்டை மாடி நிழலில் காயப்போடுவார். கடையில் மாட்டியிருந்த சமயபுரத்தம்மன் படத்துக்கு விளக்குக் கிடையாது, ஊதுபத்தி கிடையாது. சிவப்பு பல்பு ஒன்று மட்டும் இரவும் பகலும் எரியும். ஆயுத பூசையன்று தேங்காயை உள்ளே உடைத்துவிட்டு, சூடத்தைத் தெருமுனைக்கு எடுத்துக்கொண்டு போய்த்தான் ஏற்றுவார். பிள்ளைகளாகிய நாங்கள் அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருந்தோம். பெரியம்மா நைலக்ஸ் புடவை கட்டிக்கொண்டு பின்கட்டுக்கு வரக்கூடாது என்பதையும் அப்படியே நினைத்தோம். செயற்கை இழை உரசினால் பொறி பறக்கும் என்பது பெரியப்பாவுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை. ஒருமுறை அவருடைய புருவமும் முன்மயிரும் பொசுங்கின. அதற்குமேல் ஒன்றும் ஆகாமல் போனது சமயபுரத்தாள் கருணை என்று பெரியம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தத் தொழிலின் சரித்திரம் முழுவதும் இப்படி ஒரு ஆபத்திலிருந்து தப்பி இன்னொன்றில் போய் விழுந்த கதைதான். சொல்லப்போனால் அது தொடங்கிய விதமே விசேஷமானது. 1821 மார்ச் 3ஆம் தேதி, நியூயார்க் தையற்காரர் தாமஸ் ஜென்னிங்ஸ் ‘உலர் துலக்கல்’ என்ற முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அங்கே காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். அதில் வந்த பணத்தைக் குடும்பத்தாரை அடிமைத்தளையிலிருந்து மீட்கச் செலவிட்டார் என்பார்கள். (அவருடைய மகள் எலிசபெத், வெள்ளையருக்கான டிராம் வண்டியிலிருந்து இறங்க மறுத்து 1854இல் நியூயார்க்கையே உலுக்கியவர், அதைத் தனியாக எழுத வேண்டும்.) ஜென்னிங்ஸ் எந்தத் திரவத்தைப் பயன்படுத்தினார் என்பது இன்று யாருக்கும் தெரியாது. 1836இல் காப்புரிமை அலுவலகம் தீப்பிடித்து எரிந்ததில் அவருடைய ஆவணமும் சாம்பலாகிவிட்டது. அதே 1821இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே குளோரினையும் கார்பனையும் சேர்த்துச் செய்த புதுச் சேர்மங்களைப் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். அவற்றில் ஒன்றுதான் என் கோட்டில் இருக்கும் ‘பி’. ஃபாரடே அங்கே, ஜென்னிங்ஸ் இங்கே. இருவருடைய கண்டுபிடிப்பும் ஒரே தொட்டியில் சேர நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

அதுவரை டர்பன்டைன், பென்சீன், பெட்ரோல் என்று எரிகிற திரவங்களாகவே இருந்தன. கடைகளும் எரிந்தன. 1920களில் அட்லாண்டாவைச் சேர்ந்த ஸ்டாடர்ட் என்ற சலவைக்காரரே முன்னின்று, 38 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தீப்பற்றாத ஒரு பெட்ரோலிய வடிகூறை உருவாக்க வழிசெய்தார். அட்லாண்டாவுக்கு அது பெரிய முன்னேற்றம். திருச்சியில் கத்திரி வெயில் நாளன்று பின்கட்டுத் தகரக் கூரைக்குக் கீழே 38 டிகிரி என்பது காலை பத்து மணிக் கணக்கு. பெரியப்பாவிடம் அந்தத் திரவம் இருந்திருந்தாலும் சூடம் தெருமுனைக்குத்தான் போயிருக்கும்.

பிறகு கார்பன் டெட்ராகுளோரைடு வந்தது. எரியாது, ஆனால் ஈரலைத் தின்றது, ஓசோனையும் ஓட்டை போட்டது. நம் பனியன் கம்பெனிகளில் எண்ணெய்க் கறை எடுக்க ‘சி.டி.சி.’ என்று வைத்திருந்தார்களே, அதுதான் இது. ஓசோனைக் காக்க நாடுகள் செய்துகொண்ட மான்ட்ரியல் உடன்பாட்டின்படி 2010உடன் இந்தியாவில் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். 1930களிலிருந்து அதன் இடத்தைப் பிடித்ததுதான் பெர்க். தொழிலில் இருப்பவர்கள் பெர்குளோரோஎத்திலீனுக்கு வைத்த செல்லப்பெயர் அது. தீப்பிடிக்காது. எண்ணெயை வழித்து எடுத்துவிடும். காய்ச்சி வடித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். கொழுப்பைக் கரைக்கும் திறனை அளக்க கௌரி பியூட்டனால் என்று ஓர் அளவுகோல் உண்டு. பெட்ரோலியத் திரவங்கள் அதில் முப்பதைச் சுற்றி நிற்கும்போது பெர்க் தொண்ணூறைத் தொடுகிறது. எரிந்து போகாத கடை வேண்டும் என்று ஏங்கிய ஒரு தலைமுறைக்கு இது வரமாகத்தான் தெரிந்திருக்கும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முன்பெல்லாம் கொரியப் பெரியவரின் கடைக்குள் நுழைந்ததும் இனிப்பாக ஒரு வாடை அடிக்கும். ஆஸ்பத்திரி வாடையும் பழுத்த பழ வாடையும் கலந்தது மாதிரி. துவைத்து வந்த கோட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்ததும் காரே அந்த வாடையால் நிறையும். சுத்தம் என்றால் இப்படித்தான் மணக்கும் என்று நம்பியிருந்தேன். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு பள்ளி மாணவியின் கேள்வியிலிருந்து தொடங்கி 2011இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, சலவைக்குப் போய்வந்த கம்பளித் துணியில் பெர்க் தங்கிவிடுகிறது, ஒவ்வொரு சலவைக்கும் அது கூடிக்கொண்டே போகிறது என்று காட்டியது. பட்டில் தங்குவதில்லையாம். படித்தவுடன் முதலில் தோன்றியது, நல்லவேளை புடவைகள் தப்பின என்பதுதான். இரண்டாவதாகத்தான், நான் கோட்டை வாரத்தில் இரண்டு நாள் போடுகிறேன், அந்தப் பெரியவர் வாரத்தில் ஆறு நாள் அந்தக் காற்றில் நின்றிருக்கிறார் என்பது உறைத்தது.

மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு பெர்க் இருந்தால் சாதாரண மூக்கு கண்டுபிடித்துவிடும். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு விதி பல பத்தாண்டுகளாக எட்டு மணி நேர வேலைக்கு அனுமதித்த அளவு 100 பங்கு. 2024 டிசம்பரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட புதிய விதியில் அந்த அளவு 0.14. அதாவது மூக்குக்கு வாடை எட்டும்போதே புதிய வரம்பை ஏழு மடங்கு தாண்டியிருப்போம். பழைய வரம்பின்படி பார்த்தாலோ, வாடை மூக்கைத் துளைத்துக்கொண்டிருக்கும்போதும் எல்லாம் சட்டப்படி சரியாகத்தான் இருந்தது. பெரியவரிடம் இதைச் சொன்னேன். “முப்பது வருடத்தில் என் மூக்கு எனக்கு எதையும் சொன்னதில்லை” என்றார். பழகிவிட்டது என்கிறார். தலைவலி வரும், மாலையில் கொஞ்சம் போதை ஏறியதுபோல் இருக்கும், அது களைப்பு என்று நினைத்துக்கொள்வாராம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பெர்க்கை ‘மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. சலவைத் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அதிகம் காணப்பட்டதுதான் அதற்குச் சொல்லப்படும் முக்கியமான காரணம்.

அவர் தொழிலைக் கற்றுக்கொண்ட காலத்தில் சில கடைகளில் முதல் தலைமுறை இயந்திரங்கள் இன்னும் இருந்தனவாம். ஓர் இயந்திரத்தில் துவைத்து, பெர்க் சொட்டச் சொட்டத் துணியைக் கையால் அள்ளி, பக்கத்து இயந்திரத்தில் போட்டுக் காயவைப்பது. அந்த அள்ளும் வேலை எப்போதும் கடையில் புதிதாகச் சேர்ந்தவருடையது. பிறகு துவைப்பதும் காய்வதும் ஒரே உருளைக்குள் நடந்தது. குளிர்வித்து ஆவியைப் பிடித்தார்கள். கரித்தூள் வடிகட்டி வைத்தார்கள். கடைசியில், உள்ளே ஆவி குறையும்வரை கதவே திறக்காத ஐந்தாம் தலைமுறை வந்தது. ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிட எவ்வளவோ மேல். ஆனால் முதல் தலைமுறை தரையில் சிந்தியதை ஐந்தாம் தலைமுறையால் துடைத்து எடுக்க முடியாது.

ஒரு லிட்டர் பெர்க் ஒன்று புள்ளி ஆறு கிலோ எடை. தண்ணீரில் ஊற்றினால் மூழ்கும். சிமென்ட் தரையின் விரிசலில் இறங்கி, மண்ணில் இறங்கி, நிலத்தடி நீரைத் தொட்ட பிறகும் நிற்காமல் அடிப்பாறை வரைக்கும் போய் அங்கே குட்டையாகத் தங்கும். அங்கிருந்து சொட்டுச் சொட்டாகக் கரைந்து, தண்ணீர் போகும் திசையில் வருடக்கணக்காக நீளும். கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் கிணறு கிணறாகப் பெர்க் அகப்பட்டபோது, முதலில் எல்லோரும் ஏதோ பெரிய ஆலையைத் தேடினார்கள். 1992இல் அந்தப் பகுதி நீர்வாரியம் ஓர் அறிக்கை வெளியிட்டது. குற்றவாளி மூலைக்கு மூலை இருந்த சலவைக் கடை. அதிலும் பெரும்பாலும் யாரும் திருட்டுத்தனமாகக் கொட்டியதில்லை. இயந்திரத்தில் பெர்க்கிலிருந்து பிரிந்து வரும் கொஞ்சம் தண்ணீரைச் சாக்கடையில் விடுவது அன்றைய வழக்கம். அதில் கரைந்திருந்த பெர்க், சாக்கடைக் குழாய்களின் இணைப்புகள் வழியே நிலத்துக்குள் கசிந்துகொண்டே இருந்தது. குடிநீரில் அமெரிக்கா அனுமதிப்பது லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். அந்தக் கணக்கில் ஒரு தம்ளர் பெர்க் எவ்வளவு தண்ணீரைக் கெடுக்கும் என்று வாசகர் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நான் ஒருமுறை போட்டுவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடந்தேன்.

மாடியில் குடியிருந்தவர்களும் தப்பவில்லை. பெர்க்குக்குக் கொழுப்பென்றால் உயிர். சலவைக் கடைகளுக்கு அருகே வாங்கிய வெண்ணெயில் அது சேர்ந்திருப்பதை 1988இலேயே அளந்து எழுதியிருக்கிறார்கள். குடியிருப்புக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பெர்க் இயந்திரம் ஓடக்கூடாது என்ற அமெரிக்க விதிக்கு 2020 டிசம்பர் வரை கெடு கொடுத்தார்கள். பிரான்ஸ் 2013இலிருந்தே அத்தகைய இடங்களில் புது இயந்திரம் வைக்கத் தடை போட்டது.

நிலத்துக்குள் போனதைத் தின்ன ஒரு பாக்டீரியா இருக்கிறது. டீஹாலோகாக்காய்டெஸ் என்று வாய்க்குள் நுழையாத பெயர். கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாக்கடைச் சேற்றிலிருந்து பிரித்தெடுத்து 1997இல் உலகுக்குச் சொன்னார்கள். நாம் ஆக்சிஜனைச் சுவாசிக்கிற மாதிரி இது குளோரின் ஏறிய சேர்மங்களைச் சுவாசித்து, குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கடைசியில் எத்திலீனாக்கி விட்டுவிடும். எத்திலீன் வாழைப்பழம் பழுக்கும்போது வரும் வாயு; பயமில்லை. ஆனால் பாதியில் நின்றுவிட்டால் அகப்படுவது வினைல் குளோரைடு. அது பெர்க்கைவிடக் கொடியது. தீனிக்குத் தவிட்டு எண்ணெய் மாதிரி ஏதாவது ஊட்டி, இந்தப் பூச்சியைக் கடைசிப் படிவரை ஓட்டிச் செல்வதே ஒரு தொழிலாகிவிட்டது இங்கே.

பெர்க்கை விரட்டினால் அந்த இடத்துக்கு எது வரும்? இங்கேதான் எனக்குச் சந்தேகப் புத்தி. சி.எஃப்.சி. 113 என்ற திரவம் வந்தது, மென்மையான துணிகளுக்கு அமிர்தம் என்றார்கள், 1987இன் மான்ட்ரியல் உடன்பாட்டோடு அதன் காலம் முடிந்தது. புரோமோபுரொப்பேன் வந்தது. பழைய பெர்க் இயந்திரத்திலேயே ஊற்றிக்கொள்ளலாம், பெர்க் இல்லை என்று பலகையும் மாட்டிக்கொள்ளலாம். 2008இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் வார இதழில், அதற்கு மாறிய நியூஜெர்சிச் சலவைக்காரர் ஒருவருக்கு நரம்பு பாதித்த செய்தி வந்தது. 2022இல் அதை அபாயக் காற்று மாசுப் பட்டியலில் சேர்த்தார்கள். 1990க்குப் பிறகு அந்தப் பட்டியலில் ஏறிய முதல் பெயர் அதுதான். டி5 என்ற சிலிக்கோன் திரவம் வந்தது. பச்சைப் பெயர், பச்சை விளம்பரம். மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குகிறது என்று 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குக் கட்டுப்பாடு விதித்தது. சலவைக் கடைகளுக்கு மட்டும் 2034 வரை தவணை. புதுப் பெட்ரோலியத் திரவங்கள் இருக்கின்றன. 60 டிகிரிக்கு மேல்தான் தீப்பற்றும், சத்தமில்லாமல் வேலை செய்யும், ஆனால் நேரம் பிடிக்கும், காற்றில் புகைமூட்டத்துக்கும் பங்களிக்கும். ஒருவகையில் பார்த்தால் இது பெரியப்பாவின் தொட்டிக்கே திரும்பிப் போவதுதான், கொஞ்சம் படித்த பெட்ரோலோடு.

நம் பழைய சலவைத் தொழிலையும் பொன்னுலகமாக்கிவிடக் கூடாது. யார் வீட்டுத் துணி என்று அடையாளம் வைக்கச் சேங்கொட்டைச் சாற்றால் கழுத்துப் பட்டியில் குறி போடுவார்கள். எத்தனை வெள்ளாவி வைத்தாலும் அழியாது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு, சட்டைக் குறி படும் இடத்தில் மட்டும் தோல் வெந்துபோய், மருத்துவர்கள் ‘தோபி குறிப் புண்’ என்று பெயரிட்டு எழுதிவைத்தார்கள். சிப்பாய்களுக்குப் பிடரியில் ஒரு பொட்டு. அந்தக் கொட்டையைக் குத்தி நாள் முழுவதும் குறி போட்டவரின் விரல்கள் எப்படி இருந்தன என்று எழுதிவைத்தவர் யாரும் என் கண்ணில் படவில்லை.

பெரியவர் கடைசியில் தண்ணீருக்கு மாறினார். இதிலும் ஒரு கதை உண்டு. 2004 வாக்கில் கலிபோர்னியா அரசு பெர்க்குக்குக் கேலனுக்கு இவ்வளவு என்று கட்டணம் விதித்து, அந்தப் பணத்தில், தண்ணீர்ச் சலவைக்கோ கார்பன் டையாக்சைடு சலவைக்கோ மாறுகிற கடைக்கு 10,000 டாலர் மானியம் கொடுத்தது. இவர் அதை வாங்கவில்லை. மாறாக, 2008 முதல் புதுப் பெர்க் இயந்திரம் வாங்க முடியாது என்று விதி வந்ததும், 2007இல் கடன் வாங்கிப் புது இயந்திரம் இறக்கினார். “அப்போது கோட்டைத் தண்ணீரில் போடுகிறேன் என்று சொல்லியிருந்தால் வாடிக்கையாளர் என்னைப் பைத்தியம் என்றிருப்பார்” என்கிறார். அவர் சொல்வது நியாயம்தான். சீட்டில் தண்ணீர்த் தொட்டியின் மேல் பெருக்கல் குறி இருக்கும்போது, அதை மீறித் துணி கெட்டுப்போனால் பணம் கட்ட வேண்டியவர் அவர். துணி தைத்த நிறுவனம் பாதுகாப்பாக ஒரு ‘பி’ போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. 2022 டிசம்பரில் அந்த இயந்திரத்தை நான்கு பேர் வந்து பிரித்து எடுத்துப் போனார்கள். அது போன இடத்தில் தரை மட்டும் வெளிர்நிறமாக, ஒரு கல்லறைப் பலகை அளவுக்கு இருக்கிறது.

தண்ணீர்ச் சலவை நம் வீட்டு வாஷிங் மெஷின் வேலை இல்லை. ஜெர்மனியில் மீலே, க்ரொய்ஸ்லர் நிறுவனங்கள் சேர்ந்து 1991இல் கொண்டுவந்த முறை அது. கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரிச் செதில்கள் உண்டு. ஈரத்தில் போட்டுப் புரட்டினால் செதில்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு துணி சுருங்கிக் கெட்டியாகும். புரட்டாமல், தொட்டில் ஆட்டுவதுபோல் மெல்ல ஆட்டினால் பூட்டாது. இழைமேல் படரும் தனிச் சோப்பு, துணியில் இத்தனை சதவீத ஈரம் மிச்சமிருக்கும்போதே நின்றுவிடும் உலர்த்தி, அதற்குப் பிறகு, கோட்டை மாட்டிச் சூடான காற்றை ஊதி நிமிர்த்தும் துணிப் பொம்மை ஒன்று. தலையில்லாத வக்கீல் ஒருவர் மூச்சு வாங்கி எழுந்து நிற்பதுபோல் இருக்கும். என் கோட்டை அதில்தான் போட்டார். பெருக்கல் குறி போட்ட சீட்டோடு அது தண்ணீருக்குள் போய் வந்தது. ஒன்றும் ஆகவில்லை. உறையைக் கிழித்து முகர்ந்து பார்த்தேன். கம்பளி வாடை வந்தது, ஆட்டு வாடை.

அடுத்த வாரம் துணிச்சலோடு என் கல்யாணப் புடவையைத் தூக்கிக்கொண்டு போனேன். அரக்கில் பச்சைக் கரை, காஞ்சிபுரம். முந்தானைக்குக் கீழே கைப்பிடி அளவுக்குப் பழுப்புக் கறை. கதை எனக்குத் தெரியும். தங்கை கல்யாணத்தில் பாயசம் கொட்டியது. மறுவாரமே வேறொரு கடையில் கொடுத்து, பளிச்சென்று வந்துவிட்டது. ஒரு வருடம் பீரோவில் இருந்த பிறகு அதே இடத்தில் பழுப்பு எட்டிப் பார்த்தது. பெரியவரின் மனைவி புடவையை மேசைமேல் விரித்து, விளக்கைத் தாழ இழுத்து, விரல் நுனியால் கறையின் ஓரத்தைத் தடவினார். “நெய் போய்விட்டது. சர்க்கரை இருக்கிறது” என்றார். இந்தத் தொழிலின் மிகப் பழைய ரகசியம் இது. பெர்க்கானாலும் பெட்ரோலானாலும் எண்ணெயைத்தான் எடுக்கும். வியர்வை, பாயசம், காபி எல்லாம் தண்ணீரில் கரைவன. அவற்றைத் திரவம் தொடாது. சர்க்கரை கண்ணுக்குத் தெரியாமல் இழையிலேயே கிடந்து, சூட்டிலும் காலத்திலும் மெல்லக் கருகும்.

தண்ணீர்ச் சலவைக்குப் போடலாமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. வெள்ளைத் துணித்துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து, கொசுவத்தின் உள்மடிப்பில், யாரும் பார்க்காத ஓரத்தில் வைத்து, இருபது வரை கொரிய மொழியில் எண்ணிக்கொண்டே அழுத்தினார். எடுத்துக் காட்டினார். வெள்ளைத் துணியில் குங்குமம் மாதிரிச் சிவப்பு. “இதைத் தண்ணீரில் போட மாட்டேன். உங்கள் பச்சை கறுப்பாகிவிடும்.” பிறகு கறைக்குக் கீழே உறிஞ்சும் குழாயைத் திறந்து வைத்து, மேலே ஊசி முனையளவு ஈரத்தை விட்டு, எலும்புக் கரண்டி மாதிரி ஒன்றால் நீவி, உடனே ஊதிக் காயவைத்து, மறுபடி ஈரம் விட்டு, நாற்பது நிமிடம் அந்த ஒரு கைப்பிடி இடத்தோடு மல்லுக்கு நின்றார். கறை முழுவதும் போகவில்லை. கட்டினால் மடிப்பில் மறைந்துவிடும். அம்மா இருந்திருந்தால், “அதற்குத்தான் முதல் நாளே சொட்டுத் தண்ணீர் தொட்டு எடு என்றேன்” என்றிருப்பாள். அவள் பழைய பட்டுகளைப் பூந்திக்கொட்டை நீரில் தானே அலசுவாள். சாயம் நிற்கிற புடவை எது, நிற்காத புடவை எது என்று ஒவ்வொன்றின் குணமும் அவளுக்குப் பேர் சொல்லித் தெரியும்.

ஆக, தண்ணீர் எல்லாவற்றுக்கும் மருந்தில்லை. தண்ணீரோடு சோப்பும் சாயமும் சாக்கடைக்குப் போகின்றன. தண்ணீர் என்றால் தூய்மை என்று நம்புகிறவர்கள் நொய்யல் கரையில் ஒரு நாள் நின்று பார்க்கலாம். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டி வந்தது. ஆனாலும் நாற்பது நிமிடம் நின்று அந்த அம்மாள் செய்ததை எந்தத் திரவமும் செய்யாது. இந்தத் தொழிலுக்கு எதிர்காலம் என்று ஒன்று இருந்தால் அது அந்த மேசைமேல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உருளையில் அள்ளிப் போடும் வேலைக்கு இனி வாய்ப்புக் குறைவு. எங்கள் சிலிக்கான் பள்ளத்தாக்கில் கோடீஸ்வரர்களே டீ-ஷர்ட்டில் திரிகிறார்கள். தொற்றுக்காலத்துக்குப் பிறகு கோட்டுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. வாரத்துக்கு இத்தனை மூட்டை என்று இருந்த கணக்கு, இத்தனை துணி என்று சுருங்கிவிட்டதாகப் பெரியவர் சொல்கிறார்.

பெர்க்கைக் கைவிட 2024 டிசம்பர் விதி நாடு முழுவதற்கும் பத்து வருடத் தவணை கொடுத்திருக்கிறது. பழைய மூன்றாம் தலைமுறை இயந்திரங்களுக்கு மூன்றே வருடம். மினசோட்டா 2026 தொடக்கத்திலேயே கதவைச் சாத்திவிட்டது. தடை சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கோபம் வேறு. பெர்க்கைத் தயாரித்து விற்றவர்களும் அதில் அலசச் சொல்லித் துணியில் எழுத்துப் போட்டவர்களும் வசதியாக இருக்கிறார்கள். அதைச் சுவாசித்தவர், கடன் வாங்கி இயந்திரம் வாங்கியவர், இப்போது மண்ணைச் சோதிக்கப் பணம் கட்டுகிறவர், மூவரும் ஒரே ஆள். மொடெஸ்டோ என்ற ஊர் தன் நிலத்தடி நீருக்காகப் பெர்க் தயாரிப்பாளர்கள்மீது 1998இலேயே வழக்குத் தொடுத்தது. நகராட்சிக்கு அதற்கு வக்கீல் உண்டு. எழுபதை எட்டும் ஒரு தம்பதிக்கு ஏது?

அவர்கள் கடையை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போக நினைக்கிறார்கள். வாங்க வருகிறவரின் வங்கி முதலில் தரையைப் பற்றித்தான் கேட்கிறது. போன மாதம் புடவையை வாங்கப் போனபோது, கல்லாவுக்கு முன்னால் புதிதாக ஒரு ரப்பர் மிதியடி கிடந்தது. கால் பட்டதும் அடியில் ஏதோ உருண்டையாகத் தட்டியது. பெரியவர் குனிந்து மிதியடியைச் சுருட்டிக் காட்டினார். இயந்திரம் இருந்த வெளிர்நிறச் சதுரத்திலிருந்து வாசலை நோக்கி வரிசையாக மூன்று துளைகள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பித்தளை மூடி போட்டிருந்தார்கள். மண்ணுக்குள்ளிருந்து ஆவியை உறிஞ்சி எடுத்துப் போயிருக்கிறார்கள். முடிவு வர ஆறு வாரமாம். மூன்றாவது மூடி, முப்பது வருடமாக வாடிக்கையாளர்கள் வந்து நின்று சீட்டு வாங்கும் இடத்தில் இருந்தது. அவர் மிதியடியை மறுபடி விரித்து, ஓரத்தைக் காலால் நீவிவிட்டு, “புடவைக்குப் பணம் வேண்டாம். கறை முழுசாகப் போகவில்லை” என்றார்.